கொல்லைச் சருகை என்ன செய்வது? தை முதல் கார்த்திகை வரை

காவிரி டெல்டாவில் மரம் இலை கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில் அல்ல; அப்போது இங்கே அடைமழை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் குறைகிற அதே வாரங்களில்தான் மரங்களும் இலையைக் கழற்றத் தொடங்கும். தை கடைசியில் வாதாங்கொட்டை (நாட்டுப் பாதாம்) மரம் சிவந்து கொட்டும். மாசியில் வேம்பு, அரசு, இலுப்பை. அவற்றை ஒட்டியே பங்குனி வரை புங்கன். மூங்கிலும் இந்த வறட்சியில்தான் உதிர்க்கும். பூவரசு மட்டும் ஆண்டு முழுக்க மஞ்சள் இலையை ஒன்றிரண்டாக விட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்த மூன்று நான்கு மாதங்களுக்குப் பெரிய மழை கிடையாது. வண்டல் களிமண் சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். தேரை, அரணை, மண்புழு, பூச்சிகள் எல்லாவற்றுக்கும் அப்போது மிஞ்சும் ஈரம் சருகுக்கு அடியில்தான் இருக்கும். அதே சருகு ஐப்பசியில் வீட்டை ஒட்டிக் கிடந்தால் கொசு, அடைத்த வடிகால், பாம்பு என்று தொல்லைதான். அதனால் 'அள்ளுவதா, விடுவதா' என்று ஒரே விடை சொல்ல முடியாது. இடத்தையும் மாதத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் இடத்தைப் பிரியுங்கள்

துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன், ஒரு குச்சியால் கொல்லையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வாசலும் வீட்டுச் சுவரைச் சுற்றி 6 அடியும் முழுக்கச் சுத்தமாக இருக்க வேண்டும். கிணற்றடி, கழிவறைக்குப் போகும் பாதை, குழந்தைகள் விளையாடும் இடம், மாட்டுக்கொட்டகை வாசல் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இதில் சமரசம் வேண்டாம். தினமும் கூட்டிக் கோலம் போடுகிற வாசலைக் காடாக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உயிரினங்களுக்குத் தேவைப்படுவது கொல்லையின் பின்பாதிதான்.

பெரிய மரங்களின் அடியில் விழுந்ததை விழுந்தபடி விடலாம். காய்கறிப் பாத்திக்கும் வாழைக்கும் எலுமிச்சைக்கும் மூடாக்கு, அதாவது மண்ணை மூடப் பரப்பும் சருகு. மிச்சம், சருகை மக்க வைக்கும் இலைமக்குக் கூண்டுக்கு. வேலியோரம் வீட்டிலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி ஒரு மூலை, யாரும் கிளறாத குவியலுக்கு. மனை சின்னதாக இருந்து 30 அடி கிடைக்காவிட்டால் குவியலை விட்டுவிட்டு மரத்தடிச் சருகோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் ஒதுக்குங்கள். வெயில் படுகிற இடத்தில் 3 அடிக்கு 3 அடி வெறும் மண், ஒரு சருகுகூட இல்லாமல். நீலப்பட்டைத் தேனீ போன்ற தனித்தேனீக்கள் மண்ணைத் துளைத்துத்தான் கூடு கட்டும். கொல்லை முழுக்க மூடாக்குப் போட்டுவிட்டால் அவற்றுக்கு இடம் இருக்காது.

சருகு அரிக்கும் முறை

நேரம் காலை 8 மணிக்கு மேல், வெளிச்சம் நன்றாக வந்த பிறகு. அந்தி சாய்ந்த பின் சருகில் கை வைக்கக் கூடாது. கண்ணாடி விரியனின் உடல் வட்டங்கள் காய்ந்த இலைக்குள் அப்படியே மறைந்துவிடும். குக்கர் ஆவி விடுகிற மாதிரி சீறினால்தான் அது அங்கே இருப்பதே தெரியும். கட்டுவிரியனுக்கு அந்தச் சீற்றமும் கிடையாது; இரவில்தான் நடமாட்டம்.

காலில் கம்பூட்ஸ் அல்லது கணுக்காலை மூடும் ஷூ, கையில் தடித்த உறை. வேலை தொடங்கும் முன் நீளமான கழியால் தரையைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். பெரும்பாலான பாம்புகள் அதிர்வு தெரிந்து ஒதுங்கிவிடும். பிறகு பல் உள்ள வாரியால் உங்களை நோக்கி இழுங்கள். அப்படி இழுக்கும்போது சருகுக்கு அடியில் இருப்பது முதலில் உங்கள் கண்ணில் படும், கையில் படாது. குவியலைக் கையால் அள்ளிக் கட்டிப்பிடித்துத் தூக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கவைக்கம்பால் தள்ளிக் கூடையைச் சாய்த்து நிரப்புவது கொஞ்சம் மெதுவான வேலை, ஆனால் பத்திரமானது.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பை அடித்துப் பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. அந்த நேரத்தை வீணாக்காதீர்கள்.

கூட்டும்போதே மூன்றாகப் பிரித்துச் சாக்கில் கட்டினால் பின்னால் வேலை மிச்சம். வேம்பு, புங்கன், பூவரசு, கிளைரிசிடியா சீக்கிரம் மக்கும், தனிச் சாக்கு. மா, பலா, ஆல் இலைகள் தோல் மாதிரி தடித்தவை. மூங்கில் இலையும் சவுக்கு ஊசியும் மெதுவாகத்தான் மக்கும். அவை இன்னொரு சாக்கு. தைலமர இலை மூன்றாவது. அது மற்றச் செடிகளின் முளைப்பைத் தடுக்கும் தன்மை உள்ளது. அதை நடைபாதையில் மட்டும் பரப்புங்கள். தென்னைக்கு அடியில் கறுப்புப் புகை படிந்த மாதிரி இலைகள் கிடந்தால் பயப்பட வேண்டாம். வெள்ளை ஈ கழிக்கும் இனிப்புத் திரவத்தின் மேல் வளரும் பூஞ்சைதான் அது. தாராளமாக மக்க வைக்கலாம். பூத்த பார்த்தீனியம் மட்டும் எந்தச் சாக்கிலும் சேரக் கூடாது. தெருவில் கூட்டிய குப்பையும் வேண்டாம். பாலித்தீன் துண்டைப் பொறுக்கியே வாழ்நாள் போய்விடும்.

மரத்தடியில் விட்டால் என்ன நடக்கும்

மா, வேம்பு, புங்கன் அடியில் 2 முதல் 4 அங்குலம் வரை சருகு கிடக்கலாம். அதற்கு மேல் சேர்ந்தால் மேல்பாதியை மட்டும் வாரிக் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். தரையை ஒட்டியிருக்கும், பாதி மக்கிய, கறுத்த அடுக்கைத் தொட வேண்டாம். உயிர் இருப்பது அங்கேதான்.

சித்திரை மதியம் ஒரு கைப்பிடி அகலத்துக்கு மேல்சருகை ஒதுக்கிப் பாருங்கள். மேலே நொறுங்கும் இலை. அடுத்து, நரம்பு மட்டும் தெரிகிற சல்லடை இலை. அதற்கும் கீழே ஒன்றோடொன்று வெள்ளை நூலால் தைத்த மாதிரி ஒட்டிய கறுப்பு இலைகள். அந்த வெள்ளை நூல்தான் இலையை மக்க வைக்கும் பூஞ்சை. நோய் என்று நினைத்துச் சாம்பல் தூவ வேண்டாம். அந்த ஈரத்தில் மரவட்டை சுருண்டிருக்கும், நத்தைக் குஞ்சு ஒட்டியிருக்கும், தேரை ஒன்று மண் நிறத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பார்த்து முடித்ததும் அதே சருகால் மூடிவிடுங்கள். திறந்து விட்டால் அரை நாளில் காய்ந்துவிடும்.

இதைத் தேடித்தான் பறவைகள் வரும். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒவ்வொரு இலையாகப் புரட்டிக்கொண்டே போகும். செம்போத்து தத்தி நடந்து அரணையையும் வெட்டுக்கிளியையும் பிடிக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவிக்குச் சருகுத் தரையே சாப்பாட்டு மேசை. கோடியக்கரைக் காட்டில் தெரிகிற பறவை அது; ஊருக்குள்ளும் நிழலான, சருகு கிடக்கிற கொல்லையில் இறங்கும். மாசியில் மரத்தடியைக் கூட்டித் தள்ளுகிறவர்கள் அதன் சாப்பாட்டைப் பறிக்கிறார்கள். அந்தியில் தாழப் பறக்கும் பழுப்பு வண்ணத்துப்பூச்சியும் சருகில்தான் பகலைக் கழிக்கும். மழைக்காலத்தில் அதன் சிறகில் தெளிவாகத் தெரியும் கண்புள்ளிகள் வறண்ட மாதங்களில் சுருங்கிவிடும். மூடிய சிறகுக்கும் காய்ந்த இலைக்கும் வித்தியாசம் தெரியாது.

'அரணை கடித்தால் மரணம்' என்று சொல்லியே அதை அடித்துக் கொல்கிறார்கள். அரணைக்கு விஷமே கிடையாது. அது தின்பது பூச்சியும் கரையானும் சிலந்தியும்தான்.

மரத்தடியில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. அடிமரத்தைச் சுற்றி அரை அடி வட்டத்துக்குச் சருகை ஒதுக்கிவிடுங்கள். ஈரச் சருகு பட்டையை ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும். மழை மாதங்களில் எலுமிச்சைக்கு இது முக்கியம்; அடித்தண்டில் பிசின் வடிய ஆரம்பித்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

மூடாக்கு: அளவு பிசகினால் கெடும்

மூடாக்குப் போடும் முன் பாத்திக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் காய்ந்த சருகைப் போட்டால், பிறகு விடுகிற தண்ணீர் சருகிலேயே நின்றுவிடும், வேருக்குப் போகாது. கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு அழுந்திய நிலையில் 2 அங்குலம். வாழைக்கும் பழமரங்களுக்கும் 3 முதல் 4 அங்குலம். தண்டிலிருந்து அரை அடி தள்ளித் தொடங்கி, கிளை நுனி நிழல் விழும் இடம் வரை. 4 அடிக்கு 8 அடிப் பாத்தி ஒன்றுக்கு மிதித்துக் கட்டிய மூன்று நான்கு சாக்குச் சருகு பிடிக்கும்.

விதை போட்ட பாத்தியில் உடனே போடாதீர்கள். நாற்று 4 அங்குலம் எழும்பிய பிறகு இடைவெளியில் பரப்புங்கள். வாதாங்கொட்டை இலை, தேக்கிலை இரண்டையும் முழுதாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தகடாகிவிடும். தண்ணீரும் காற்றும் போகாது. சாக்கில் போட்டு வெயிலில் காயவிட்டு மேலே ஏறி மிதித்தால் நொறுங்கிவிடும்.

சருகை மண்ணோடு கொத்திப் புரட்டுவது பலரும் செய்கிற தவறு. புதுச் சருகு மண்ணுக்குள் மக்கும்போது, மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) எடுத்துக்கொள்ளும். செடி சில வாரங்களுக்கு மஞ்சளடித்து நிற்கும். மேலே பரப்பினால் இந்தத் தொல்லை இல்லை. வயலில் புங்கந்தழையும் பூவரசந்தழையும் மிதித்து நெல் நட்டார்களே என்று கேட்கலாம். அது பச்சைத் தழை, தழைச்சத்து நிறைந்தது, சேற்றில் சீக்கிரம் அழுகும். காய்ந்த சருகின் கணக்கு வேறு.

கோழி வளர்ப்பவர்களுக்கு மூடாக்கு நிற்காது. காலையில் பரப்பினால் மதியத்துக்குள் கிளறி நடைபாதையில் தள்ளியிருக்கும். தென்னை மட்டையை ஓலையோடு மேலே குறுக்காகப் போட்டு வைத்தால் ஓரளவு தாங்கும்.

இலைமக்குக் கூண்டு

வேளாண் புத்தகங்கள் பெரும்பாலும் குழி வெட்டச் சொல்லும். மேட்டு நிலத்துக்கு அது சரி. டெல்டாவின் களிமண்ணில் ஐப்பசி மழைக்கு நிலத்தடி நீர் மேலே வந்து குழி குளமாகிவிடும். உள்ளே இருப்பது காற்றில்லாமல் அழுகி நாறும். அதனால் தரைக்கு மேலே கூண்டுதான் நல்லது. நாகை, வேதாரண்யம் பக்கத்து மணல் கொல்லைகளில் மட்டும் அரை அடிப் பள்ளத்தில் வைக்கலாம். அங்கே தண்ணீர் நிற்காது, ஈரம் காய்வதுதான் பிரச்சினை.

கூண்டுக்கு நைலான் வலையோ பழைய மீன்வலையோ வேண்டாம். சாரைப்பாம்பும் அரணையும் தலையை நுழைத்துச் சிக்கிச் செத்துப்போகும். காய்ந்த தென்னை மட்டை போதும், காசும் இல்லை.

1. ஓலை கழித்த மட்டையை 4 அடி நீளத்துக்கு வெட்டுங்கள். சுமார் 25 வேண்டும்.

2. நிழலான இடத்தில் 3 அடி விட்டத்துக்கு வட்டம் போடுங்கள். தென்னையின் தூரில் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

3. வட்டத்துக்குள் அரை அடி உயரத்துக்குச் செங்கல் துண்டும் சுள்ளியும் பரப்புங்கள். மழைத்தண்ணீர் வடியவும் அடியிலிருந்து காற்று போகவும் இதுதான் வழி.

4. வட்டத்தின் மேல் மட்டைகளை அரை அடி ஆழம் ஊன்றுங்கள். இரண்டுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. மேலேயும் நடுவிலுமாக இரண்டு வரிசை தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்குங்கள்.

5. ஓர் அடி உயரத்துக்குச் சருகைப் போட்டு மிதியுங்கள். ஒரு கூடை பழைய கொல்லை மண்ணைத் தூவுங்கள். மக்க வைக்கும் நுண்ணுயிர் அதிலிருந்துதான் வரும். இரண்டு குடம் தண்ணீரை மெதுவாகத் தெளியுங்கள். குடத்தைக் கவிழ்த்துக் கொட்டினால் காய்ந்த இலை தண்ணீரைத் தள்ளிவிடும். எல்லாம் அடியில் ஓடிவிடும்.

6. மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சைத் தழை சேருங்கள். கிளைரிசிடியா, அகத்தி, புங்கன் எதுவானாலும் சரி. சாணம் சேர்க்க வேண்டாம்; அந்தக் குறையை இது ஈடுகட்டும்.

7. இப்படியே அடுக்கிக்கொண்டு போய், மேலே தென்னங்கீற்றால் மூடுங்கள். சுமார் 15 முதல் 20 சாக்குச் சருகு உள்ளே போகும்.

ஒரு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும். மேலும் சருகு போட்டு நிரப்பிக்கொள்ளலாம். பங்குனி முதல் வைகாசி வரை பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர். கையை நடுவில் விடாமல், குச்சியால் கிளறி எடுத்த ஒரு பிடியைப் பிழிந்து பாருங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சரியான ஈரம். ஒழுகினால் அதிகம். உதிர்ந்தால் போதாது.

வேம்பு, புங்கன், பூவரசு என்று மெல்லிய இலையாக இருந்தால் மாசியில் போட்டது ஆடிக்குள் மக்கிவிடும். வாதாங்கொட்டை இலை கலந்தால் கூட ஒரு மாதம் ஆகும். மா, பலா, ஆல் இலைகளுக்கு எட்டு மாதம் முதல் ஓர் ஆண்டு. அவசரம் என்றால் வைகாசியில் ஒருமுறை முழுக்க வெளியே எடுத்துப் புரட்டி மீண்டும் அடுக்குங்கள். இல்லாவிட்டால் புரட்டவே தேவையில்லை. சமையலறைக் கழிவை இதில் கொட்டாதீர்கள். சோறும் காய்த்தோலும் எலியைக் கூப்பிடும், எலிக்குப் பின்னாலேயே பாம்பு வரும்.

இரண்டு மாதம் கழித்தும் இலை வெளுத்து, மொடமொடவென்று, எறும்பு கூடு கட்டியிருந்தால் நடுவில் ஈரமே போகவில்லை என்று அர்த்தம். கடப்பாரையால் நடுவில் நாலைந்து துளை போட்டு அதில் தண்ணீர் விடுங்கள். அழுகின முட்டை நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், இலை தகடாக ஒட்டியிருக்கிறது. வெளியே எடுத்து உதறி, சுள்ளி கலந்து மறுபடி அடுக்குங்கள். கரையான் வந்தால் வரட்டும், அதுவும் மக்க வைக்கிற வேலையைத்தான் செய்கிறது. மர நிலை, கதவு, வைக்கோல்போர் இவற்றிலிருந்து தள்ளி இருந்தால் போதும். கரையான் மருந்து ஊற்றினால் கூண்டிலிருக்கும் அத்தனை உயிரும் போய்விடும்.

தென்னை இருக்கும் கொல்லையில் காண்டாமிருக வண்டு

டெல்டாக் கொல்லையில் தென்னை இல்லாமல் இருக்காது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது எருக்குழியிலும் மக்கிய குப்பையிலும் அழுகிய தென்னந்தண்டிலும். வளர்ந்த வண்டு குருத்தைத் துளைத்துத் தின்னும். விரிந்து வரும் ஓலையில் கத்தரியால் வெட்டிய மாதிரி விசிறி வெட்டு தெரியும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது சாய்ந்த தென்னைகள் ஏராளம். இன்றும் புயலில் விழுந்த தண்டை 'உயிரினங்களுக்கு வீடாக இருக்கட்டும்' என்று கொல்லையில் போட்டு வைத்தால் அது வண்டுப் பண்ணையாகிவிடும். தென்னந்தண்டை அறுத்து அப்புறப்படுத்துங்கள். குவியலுக்குக் கட்டை வேண்டுமானால் வேம்பு, பூவரசு, புங்கன்.

சாணம் சேராத சருகுக் கூண்டில் இந்த வண்டின் தொல்லை குறைவு. சாணத்தைத் தவிர்க்கச் சொன்னது இதற்காகத்தான். இருந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓரமாக ஒரு அடி தோண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தடித்த புழு கிடைத்தால் உடனே நசுக்க வேண்டாம். ஒரு தட்டையான பலகையில் விட்டு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். பழுப்புத் தலையோடு அரைவட்டமாகச் சுருண்டு, பக்கவாட்டில் கிடந்தபடி காலை அசைத்துத் தவித்தால் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். முதுகைத் தரையில் வைத்து, கால் மேலே பார்க்க, மல்லாந்து ஊர்ந்து போனால் அது பூவண்டின் புழு. மக்கிய இலையைத் தின்று பொடியாக்கித் தருவது அதுதான். திரும்ப உள்ளேயே விட்டுவிடுங்கள். முதல் வகையைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம்.

நிறையக் கிடைத்தால் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை வாங்கிக் குவியலில் ஊற்றலாம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி தண்ணீரில் கலந்து, சாயங்காலம், குவியல் ஈரமாக இருக்கும்போது ஊற்ற வேண்டும். வெயிலில் ஊற்றினால் பூஞ்சை செத்துவிடும். பக்கத்தில் பூவண்டுப் புழு நிறைய இருந்தால் பூஞ்சையை விட்டுவிட்டுக் கையால் பொறுக்குவதே மேல்.

கிளறாத குவியல்

வேலியோர மூலையில் கை தடிமனிலிருந்து தொடை தடிமன் வரை உள்ள பத்துப் பன்னிரண்டு கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். நடுவில் இரண்டு உடைந்த கூரை ஓடுகளைக் கவிழ்த்து வைத்தால் தேரைக்கு அறை கிடைக்கும். மேலே 2 அடி உயரத்துக்குத் தடித்த இலைச் சருகு. மெதுவாக மக்கும் மாவிலையும் பலா இலையும் இங்கேதான் பயன்படும். குவியல் சீக்கிரம் சரியாது. வேலிக்குப் பழைய மீன்வலை கட்டியிருந்தால் இந்தப் பக்கத்தில் மட்டுமாவது கழற்றிவிடுங்கள்.

சித்திரை முதல் ஆவணி வரை இதைக் கிளறக் கூடாது. ஓணானும் பாம்பும் முட்டையிடும் காலம் அதற்குள் வருகிறது. தவறி முட்டை தென்பட்டால் உருட்டாமல் அதே நிலையில் மூடிவிடுங்கள். இந்தக் குவியலுக்கு ஓர் அடையாளக் கழி நட்டு, வீட்டில் இருக்கிற எல்லோரிடமும், வேலைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள். 'பின்னால குப்பை நிறைய இருந்துச்சு, கொளுத்திட்டேங்க' என்று ஒருவர் நல்லெண்ணத்தில் செய்துவிட்டால் அத்தனையும் போயிற்று.

தீ வைப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. போகியன்று பழையதை எரித்த கையோடு அடுத்த மாதமும் தினம் ஒரு குவியலைக் கொளுத்துவது பல தெருக்களில் வழக்கம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடைசெய்து, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று தொகையும் நிர்ணயித்தது. தோட்டக் கணக்கிலும் நஷ்டம்தான். இலையிலிருக்கும் தழைச்சத்து புகையோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும்.

தண்ணீரில் விழும் இலை

கொல்லையில் சின்னக் குட்டையோ தவளைக்காக வைத்த தொட்டியோ இருந்தால், மாசி, பங்குனியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மேலே மிதப்பதை அள்ளுங்கள். ஒரு கைப்பிடி இலை அடியில் கிடப்பது நல்லது, தலைப்பிரட்டைக்கு மறைவிடம். அதிகமானால் அழுகும்போது தண்ணீரிலுள்ள உயிர்வளியைக் குடித்துவிடும். மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். அள்ளிய இலையை உடனே கூண்டில் போடாமல் கரையில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். ஒட்டியிருந்த பூச்சிகள் திரும்பத் தண்ணீருக்குப் போக அது உதவும். குட்டைக்கு மேல் வலை கட்டுவதானால் இறுக்கமாக, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் பறவையும் தண்ணீர்ப்பாம்பும் மாட்டும்.

ஆடி முதல் மழை வரை

ஆடிப்பட்டத்துக்குக் கூண்டைப் பிரியுங்கள். கறுத்து, பொலபொலவென்று, மழை மண் வாசம் அடித்தால் ஆகிவிட்டது. அரை அங்குலக் கண் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை அடுத்த கூண்டுக்கு உறையாக எடுத்து வையுங்கள். நாற்றுக் கலவைக்கு இலைமக்கு, வண்டல் மண், ஆற்று மணல் மூன்றும் சம அளவு. களிமண் பாத்தியில் மேலே ஒரு அங்குலம் பரப்பி லேசாகக் கொத்திவிட்டால் போதும். இலைமக்கு மண்ணை இளக்கும், ஈரம் பிடிக்கும். ஆனால் உரச்சத்து குறைவு. காய்கறிக்குத் தொழுவுரம் தனியாக வேண்டும். இதை மட்டும் நம்பிக் கத்தரி போட்டால் செடி உயரும், காய் எண்ணிக்கை ஏமாற்றும்.

வாதாங்கொட்டை மரம் ஆடி, ஆவணியில் இரண்டாவது முறையாகக் கொட்டும். அந்த இலை மழைக்குமுன் மக்காது. மிதித்து நொறுக்கி மூடாக்காக்குங்கள்.

புரட்டாசி முடிவதற்குள் செய்ய வேண்டியவை வேறு. மாடியில் தேங்கிய சருகை அள்ளி, மழைநீர்ச் சேகரிப்புக் குழாயின் வாயைத் திறந்து பாருங்கள். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது பதித்த குழாய்கள் பல வீடுகளில் வேப்பிலையும் பூவும் அடைத்தே கிடக்கின்றன. கொல்லை வடிகாலைத் தெரு வாய்க்கால் வரை தூர்வாரிவிடுங்கள். காய்கறிப் பாத்தி மூடாக்கை ஓர் அங்குலமாகக் குறையுங்கள்; அடைமழையில் தடித்த மூடாக்குக்கு அடியில் நத்தை பெருகும், தண்டு அழுகும். பெரிய ஆப்பிரிக்க நத்தை வந்திருந்தால் வெறுங்கையால் தொடாமல், உறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போடுங்கள்.

குழிந்து கிடக்கும் வாதாங்கொட்டை இலை, கொட்டாங்குச்சி, தென்னம்பாளை, உரித்த மட்டை எல்லாவற்றிலும் ஒரு கை தண்ணீர் நிற்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை கவிழ்க்க வேண்டும். பாளையையும் கொட்டாங்குச்சியையும் மழைக்கு முன்பே அடுப்புக்கோ கொட்டகைக்கோ ஏற்றிவிடுங்கள்.

கார்த்திகையில் மரவட்டை கூட்டம் கூட்டமாகத் திண்ணைக்கு ஏறும். அவை கடிப்பதில்லை; தின்பதும் செத்த இலையைத்தான். மருந்து அடிக்காமல் முறத்தில் கூட்டி மரத்தடியில் கொண்டுபோய்ப் போடுங்கள். தொட்டால் வடியும் மஞ்சள் திரவம் கண்ணில் பட்டால் எரியும் என்பதால் குழந்தைகள் கையில் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.